அண்ணன் பிரிச்சுக் கட்டின இஞ்சின்

எங்க லாரிக்கு இஞ்சின் வேலை முடிஞ்சு வந்த பொறவுதான் எங்க ஊட்டுக்குள்ள சீக்கு புகுந்துச்சு. அதுவரைக்கும் லாரிக்கு மட்டுந்தான் சீக்கு.

காலையில லாரி இருமும். இருமறப்பயெல்லாம் எங்க ஊட்டுக்காரரு பானட்டைப் பாக்க மாட்டாரு, என்னையத்தான் பாப்பாரு. நான் என்ன பண்ணினேன்? ஓரமா நின்னு காத்து ஊதற கைப்பிடியைச் சுத்திட்டு இருக்கறேன். ஆனா அந்த இஞ்சினைப் பிரிச்சுக் கட்டினது எங்கண்ணன். கூடப் பொறந்த பாவத்துக்கு நான் பதில் சொல்லோணுமாம். வாயைத் தொறந்து கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். கேக்கவே மாட்டாரு. பாத்துட்டே இருப்பாரு. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வரும்.

அது ரெண்டாவது உலகச் சண்டை நடந்த சமயம். பெட்ரோலு கூப்பனுக்குத்தான் கெடைக்கும், அதுவும் தொண்டை நனையற அளவுக்கு. பஸ்ஸு லாரியெல்லாம் கரிக்கு மாறியிருச்சு. லாரியோட முதுகுப் பக்கம் ஆளு ஒசரத்துக்கு ஒரு இரும்பு உருளை நிக்கும். மேல மூடியைத் தொறந்து அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில நெருப்பு வெச்சு, பக்கத்துல இருக்கற கைப்பிடியைச் சுத்திக் காத்து ஊதோணும். கரி கனிஞ்சு கெளம்பற கேஸு, குழாய் வழியாப் போயி இஞ்சினுக்குள்ள எரியும். இஞ்சினைக் கெளப்பறதுக்கு மட்டும் ரெண்டு மொடக்குப் பெட்ரோலு. கிளீனரா இருந்தவன் பட்டாளத்துல சேந்து போயிட்டான். வேற ஆளு வெக்க எங்க ஊட்டுக்காரருக்கு மனசு வல்லை. வர்றவன் பெட்ரோலை உறிஞ்சி வித்துருவான்னு சந்தேகம். அதனால காத்து ஊதற சோலி என்ற தலையில விழுந்துச்சு. அந்தக் கைப்பிடியைச் சுத்திச் சுத்தியே இஞ்சின் என்னென்ன சத்தம் போடும்னு எனக்கு அத்துப்படி ஆயிருச்சு.

நாங்க இருந்தது கொல்லிமலை அடிவாரத்துல. மலைக்கு மேல அப்ப ரோடு ஏது? திருப்புலி நாட்டுக்காரங்களும் குண்டனி நாட்டுக்காரங்களும் பலாப்பழம், வாழைத்தாரு, மொளகு, கரி எல்லாத்தையும் தலையில வெச்சு ஒத்தையடிப் பாதையில எறக்கிக் கொண்டாருவாங்க. அடிவாரத்துல ஒரு கூரைச் சாளை இருந்துச்சு. மூட்டையை எறக்கி வெச்சு, கல்லுக் கூட்டி ஆக்கித் தின்னுட்டு, வெயில் சாயறதுக்குள்ள மலையேறிப் போயிருவாங்க. அந்த மூட்டைகளைச் சேலத்துக்குக் கொண்டு போறது எங்க லாரி. வழிக்கு எரிக்கற கரியும் அவங்க எறக்கற கரிதான்.

லாரி எங்க கைக்கு வர்றப்பவே கெழடு. ஏத்தத்துல புகையைக் கக்கும், எண்ணெயைக் குடிக்கும், எறக்கத்துல மட்டும் ராசா மாதிரிப் போகும். எங்கண்ணன் சேலத்துல ஒரு பட்டறையில இஞ்சின் ஃபிட்டரு. “மாப்ளே, இதையத் தடவிக் குடுத்து ஓட்ட முடியாதுங்க, பிரிச்சுத்தான் கட்டோணும்”னு வர்றப்பயெல்லாம் சொல்லிட்டு இருந்துச்சு. சண்டைக் காலத்துல சாமான் கெடைக்கறது லேசுப்பட்ட காரியமா? எங்க ஊட்டுக்காரரு மெட்ராஸ் வரைக்கும் ஆளைப் புடிச்சு பிஸ்டனு, ரிங்கு, வால்வு, அப்பறம் அந்த வால்வு மேலயும் கீழயும் போய் வர்ற கைடுங்கற குழாய்த் துண்டு எல்லாம் எண்ணெய்க் காயிதத்துல சுத்தி வரவழைச்சாரு. காயிதத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்குவாரு. கல்யாணத்துல என்னைய அத்தனை தடவை திரும்பிப் பாக்கலை மனுசன். அந்தச் சாமானையும் லாரியையும் எங்கண்ணன்கிட்ட ஒப்படைச்சுட்டு பஸ்ஸேறி வந்தாரு.

வேலை முடிஞ்சு லாரி வந்தப்ப எனக்கே பெருமை தாங்கலை. புகை இல்லை, ஆட்டம் இல்லை. எங்க பாப்பாவைத் தூக்கி முன்னால உக்கார வெச்சுட்டு எங்கண்ணன் ஊரை ஒரு சுத்து சுத்திக் காட்டுச்சு. எங்க ஊட்டுக்காரரும் சிரிச்சாரு. அவரு சிரிச்சது எனக்கு நல்லா நெனவிருக்குது, ஏன்னா பொறவு நெம்ப நாளைக்கு சிரிக்கலை.

கொஞ்ச நாள் போச்சு. அப்பறம் ஒரு காலையில எங்க ஊட்டுக்காரரு இஞ்சினுக்கு முன்னால ஹேண்டிலைப் போட்டுச் சுத்தினாரு. சுத்தறப்ப இஞ்சின் கையை எதுத்துத் தள்ளோணும், உள்ள காத்து அமுங்கினா அந்த எதுப்பு இருக்கும். அன்னிக்கு ஒரு சுத்துல எதுப்பு இருந்துச்சு, அடுத்த சுத்துல வெறுமனே வழுக்கிட்டுப் போச்சு. பெட்ரோலைக் காட்டினா, உள்ள போறதை விட்டுட்டு வாய் வழியாவே திருப்பித் தும்முச்சு. ஊரே எந்திரிச்சு வர்ற மாதிரி சத்தம். வேர்த்து விறுவிறுத்து ஒரு வழியாக் கெளம்பின பொறவு, சூடேற ஏறச் சரியாப் போச்சு. சேலத்துக்குப் போயிட்டு ஒரு குத்தமும் இல்லாம வந்துருச்சு. மக்யா நாள் காலையில மறுபடியும் அதே தும்மல்.

காலையில எங்க வேலை எப்படிப் போகும்னா, நான் அடுப்புல இருந்து கங்கு அள்ளியாந்து உருளைக்கு அடியில போடுவேன். அவரு மேல ஏறிக் கரியைக் கொட்டி, கும்புட்டு, மடியில இருந்து, ஊட்டுல வெள்ளிக்கெழமை புகை போடற குங்கிலியத்தை எடுத்து ஒரு கை உள்ள போட்டு மூடியை எறுக்குவாரு. நான் காத்து ஊதுவேன். கேஸு வந்துருச்சான்னு குழாய் வாயில தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பாத்துட்டு அவரு ஹேண்டிலுக்குப் போவாரு. கரிக்கு மாறின புதுசுல ஒருக்கா மூடியைத் தொறந்தப்ப நெருப்பு பொக்குனு மேல அடிச்சு அவரு புருவத்தைப் பொசுக்கியிருச்சு. அதுல இருந்து நெருப்புக்கு மரியாதை பண்ணாம மூடியைத் தொட மாட்டாரு. வேலை எல்லாம் ஒரு பிசகில்லாமத்தான் நடந்துச்சு, வண்டி மட்டும் தும்முச்சு.

எங்கண்ணனுக்கு பஸ் டிரைவரு மூலமாச் சொல்லி அனுப்பினோம். “புது இஞ்சின் அப்படித்தான் இறுக்கமா இருக்கும், ஓட ஓடப் பழகிரும்”னு பதில் வந்துச்சு. அந்தப் பதிலைக் கேட்டதுல இருந்துதான் எங்க ஊட்டுக்காரருக்கு உள்ளுக்குள்ள பூச்சி ஓட ஆரம்பிச்சது. ஏன் நேர்ல வல்லை? வந்து பாக்கறதுக்கு என்ன பயம்? அவரு பொதுவாவே சந்தேகப் பிராணி. பால்காரி முன்னால நகத்து மேல ஒரு சொட்டுப் பாலை உட்டுப் பாத்துட்டுத்தான் சொம்பை நீட்டுவாரு. அப்பேர்ப்பட்டவரு கையில ஒரு காரணம் சிக்குனா உடுவாரா?

போல்ட்டுத் தலையில கீறல் இருக்குதான்னு தடவுவாரு. எண்ணெயைத் தொட்டு ரெண்டு வெரலுக்கு நடுவுல தேய்ச்சு மோந்து பாப்பாரு. ரோட்டுல போற லாரி டிரைவருங்களையெல்லாம் நிறுத்தி வெச்சுக் கேப்பாரு. அதுல ஒருத்தன், “உள்ள பழைய சாமான் இருந்தா இப்படித்தானுங்க, காலையில மக்கரு பண்ணும்”னு சொல்லிட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டான். அவனுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டான். இங்க எங்க ஊட்டுக்காரரு சோத்துல கையை வெச்சுட்டே ரோசனை பண்ணிட்டு உக்காந்திருந்தாரு.

மொதல்ல கரி மேல பாஞ்சாரு. எங்களுக்குக் கரி எறக்கறவரு திருப்புலி நாட்டுக்காரரு, நெதானமான மனுசன். அவரு மூட்டையைச் சாளையில எறக்கினதும் எங்க ஊட்டுக்காரரு ஒரு கரித்துண்டை எடுத்துக் கல்லுல தட்டிச் சத்தம் கேட்டாரு, ஒடைச்சு உள்ள பாத்தாரு, நாக்குல கூட வெச்சுப் பாத்தாரு.

“ஏனுங்க, கனம் நிக்கட்டும்னு கரியில தண்ணி தெளிச்சுக் கொண்டாறீங்களா?”

மலைக்காரரு சும்மாட்டுத் துணியை ஒதறி மூஞ்சியைத் தொடைச்சாரு. “தண்ணி தெளிச்சா கனம் ஏறும், வாஸ்தவந்தானுங்க சாமி. அந்தக் கனத்தையும் மலையில இருந்து நான்தானுங்க சொமக்கோணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க ஊட்டுக்காரருக்கு வல்லை. கரி தப்பிச்சுருச்சு, இனி பாக்கி இருக்கறது எங்கண்ணன் ஒண்ணுதான்.

உள்ளதைச் சொல்லோணும்னா அந்தச் சந்தேகம் என்னையும் தொத்திக்கிச்சு. ஒரே ஊட்டுக்குள்ள இருக்கறப்ப எப்படித் தொத்தாம இருக்கும்? சேலத்துல ஒரு கண்ணாலத்துக்குப் போயிருந்தப்ப எங்க அண்ணி காதுல புதுத் தோடு மின்னுச்சு. நல்லா இருக்குதுங்க அண்ணின்னு சொன்னேன். சொல்லிட்டு இருக்கறப்பவே, பிஸ்டனு, ரிங்கு எல்லாம் தோடா மாறித் தொங்குதோன்னு ஒரு நெனப்பு. சீ, நாயேன்னு என்னைய நானே திட்டிட்டேன். ஆனா ஊட்டுக்காரருகிட்ட அந்தத் தோட்டைப் பத்தி மூச்சு உடலை.

ஒரு நாள் காலையில லாரி கெளம்பவே இல்லை. மூட்டையெல்லாம் ஏத்தி முடிச்சு, பலாப்பழம் வெயில்ல நிக்குது. அவரு ஹேண்டிலை உருவிக் கீழ போட்டாரு.

“வர்ற வெள்ளிக்கெழமை மலையடிக் கோயில்ல கற்பூரம் ஏத்தறேன். உங்கண்ணன் வந்து புது சாமானத்தான் போட்டேன்னு அடிச்சு அணைக்கட்டும். அணைச்சுட்டா நான் நம்பிக்கறேன்.”

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. வெளியூர்க்காரங்களுக்கு இது பெரிசாத் தெரியாது. எரியற கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்றது எல்லா ஊருலயும் உண்டு. எங்க பக்கத்துல அதுக்கு ஒரு வாலும் உண்டு. சத்தியம் வாங்கினவங்க ஊட்டுல, சத்தியம் பண்ணினவங்க அப்பறம் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சோறு, ஒரு மொடக்குத் தண்ணி கூடாது. மெய்யே சொல்லியிருந்தாலும் அதுதான் சட்டம். சத்தியம் வாங்கினவரே பத்துப் பேரு முன்னால தன்ற தப்பைச் சொல்லி, தன்ற கையால தண்ணி வார்த்தாத்தான் அந்தக் கட்டு அவுரும். எந்த ஆம்பளை அப்படிச் சொல்லப் போறான்? எங்க ஊருல சத்தியத்தோட பிரிஞ்ச ஒறம்பரை சொந்தங்க செத்துச் சுடுகாட்டுக்குப் போறப்பக் கூடச் சேராம போனதை நான் பாத்திருக்கறேன்.

தையில பாப்பாவுக்குக் காது குத்தறதா இருந்தோம். தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தோணும், அவன் உக்காந்து சாப்பிட்டாத்தான் விருந்து. எனக்குப் பொறந்த ஊட்டுல இருக்கறது அந்த ஒரே ஒரு அண்ணன்.

“அப்பறம் பாப்பாவை யாரு மடியிலீங்க வெப்பீங்க?”ன்னு கேட்டேன்.

“பங்காளிங்க எவனாச்சும் வெச்சுக்குவான்.”

“பங்காளி மடியில வெச்சுக் குத்தறதுக்கு எம்புள்ள காது மூளியாவே கெடக்கட்டும்”னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அந்த மனுசன் மேல அத்தனை கோவம் அதுக்கு முன்னால எனக்கு வந்ததில்லை.

வெள்ளிக்கெழமைக்கு முன்னாலயே எங்கண்ணனுக்குச் சேதி அனுப்பி வரவழைச்சேன். ஸ்பேனருப் பெட்டியைத் தோள்ல போட்டுட்டு வந்துச்சு. ஊட்டுக்குள்ள வல்லை. நேராக் கட்டுத்தரைக்கு, லாரிகிட்டப் போயிருச்சு. “சத்தியம் பண்றதுன்னா பண்றேன் அம்மிணி, எனக்கென்ன. அதுக்கு முன்னால என்ற இஞ்சினுக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியோணும்”னுச்சு.

எங்க ஊட்டுக்காரரு ஒரு கம்பத்து மேல சாஞ்சு கையைக் கட்டிட்டு நின்னாரு. எங்கண்ணன் கை எங்க போனாலும் இவரு கண்ணும் கூடவே போச்சு. திருட வந்தவனைப் பாக்கற மாதிரி. எங்கண்ணன் அதையக் கண்டுக்கலை. ஹேண்டிலை மெதுவா ஒவ்வொரு சுத்தாச் சுத்திப் பாத்துச்சு. “ரெண்டு சிலிண்டருல காத்தே அமுங்கலை. கடைசியா ஓட்டி வந்து நிறுத்தறப்ப எப்படீங்க இருந்துச்சு மாப்ளே?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“பிஸ்டனு பழசா இருந்தா சாயங்காலம் நல்லா இருந்துட்டுக் காலையில மட்டும் கெட்டுப் போகாதுங்க. எப்பவும் கெட்டுத்தான் இருக்கும்.”

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

எங்கண்ணன் இஞ்சினோட பக்கத்துத் தகட்டைக் கழட்டுச்சு. உள்ள வால்வுக் காலுங்க வரிசையா நிக்கறது தெரிஞ்சுச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்பிரிங்கு. என்னைய ஹேண்டிலைச் சுத்தச் சொல்லுச்சு. சுத்தினேன். வால்வுங்க ஒண்ணொண்ணா ஏறி எறங்குச்சு. ரெண்டு மட்டும் ஏறினது ஏறினபடியே நின்னுருச்சு. ஸ்பிரிங்கு இழுத்தும் எறங்கலை. திருப்புளியால நெம்பினா, சோம்பேறி மாட்டை எழுப்பற மாதிரி மெல்ல நவுந்துச்சு.

“புகை வெளிய போற வால்வுங்க சுத்தமாத் துள்ளுது. கேஸை உள்ள உடற வால்வுங்கதான் ஒட்டுது”னு எங்கண்ணன் தனக்குத் தானே பேசிக்கிச்சு. “அப்படின்னா கேஸோட என்னமோ வருது. கரி அரைவேக்காடா?”

மறுபடியும் கரியான்னு எனக்கு அலுப்பா இருந்துச்சு. அன்னிக்கும் மலைக்காரரு மூட்டை எறக்கியிருந்தாரு. அவரையே கூப்பிட்டோம். அவரு ஒரு கரித்துண்டைக் கங்குல வெச்சு ஊதிக் காட்டினாரு. புகை மருந்துக்குக் கூட இல்லை, செவசெவன்னு கனிஞ்சுச்சு. “அரைவேக்காட்டுக் கரியா இருந்தா இன்னேரம் கண்ணு எரியோணுமுங்க”னு சொல்லிட்டு அங்கயே குந்திக்கிட்டாரு. அவருக்கும் முடிவு தெரியோணுமில்ல, அவரு மேலயும் பழி சொன்னதுதான.

எங்கண்ணன் இஞ்சினோட மேல்மூடியைக் கழட்டித் தூக்கி, ஒட்டின வால்வு ஒண்ணை வெளிய எடுத்துச்சு. அதோட காலுல பழுப்பா, கோந்து மாதிரி ஒரு பூச்சு. நகத்துல சொரண்டினா உருண்டை உருண்டையா வந்துச்சு. எங்கண்ணன் மோந்து பாத்துச்சு, ஒண்ணும் புடிபடலை. நான் வாங்கிட்டுப் போயி அடுப்படியில கரண்டிக் காம்பு நுனியில அப்பி, கங்கு மேல காட்டினேன்.

ஊடு பூரா வெள்ளிக்கெழமை வாசம் அடிச்சுச்சு.

எனக்கு ஒரு நிமிசம் என்னன்னே வெளங்கலை. வெளக்கு வெக்கற நேரம் கூட இல்லையேன்னு தோணுச்சு. பொறவுதான் ஒடம்பு சிலுத்துப் போச்சு. கரண்டியை அப்படியே எடுத்துட்டுக் கட்டுத்தரைக்கு ஓடினேன். எங்கண்ணன் மூக்கு கிட்டக் காட்டினேன். மலைக்காரரு மூக்கு கிட்டக் காட்டினேன். அவரு, “இது எங்க மலைக் குங்கிலியமுங்க”ன்னாரு. கடைசியா எங்க ஊட்டுக்காரரு மூக்கு கிட்டக் கொண்டு போனேன். அவரு மோந்து பாக்காமயே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

“தெனமும் கரி மேல போடறீங்களா மாப்ளே?”ன்னு எங்கண்ணன் கேட்டுச்சு. கேட்ட தொனியில கோவம் இல்லை, வேலை செய்யறவன் வெவரம் கேக்கற தொனிதான்.

“முன்ன இருந்தே போடறேன். அப்பயெல்லாம் ஒண்ணும் ஆவலையே?”

“அப்ப எவ்வளவு போட்டீங்க?”

“சிட்டிகை. இப்ப இஞ்சின் புதுசாச்சேன்னு ஒரு கை.”

எங்கண்ணன் அந்த வால்வைத் தொடைச்சு, அது போய் வர்ற கைடுக்குள்ள உட்டுக் காட்டுச்சு. வழவழன்னு போச்சு, மயிரிழை கூட ஆடலை. “பழைய கைடு தேஞ்சு லொடலொடன்னு கெடந்துச்சுங்க. எந்தப் பிசினு வந்தாலும் சந்துல வழிஞ்சு போயிரும். இது புதுசு. கொஞ்சம் ஒட்டினாலும் புடிச்சுக்கும். சூட்டுல எளகிக்கும், ராத்திரி ஆறினா எறுகிக்கும். அதுதான் காலையில தும்மறது.”

எனக்குப் பொறி தட்டுச்சு. “அப்ப நீ பழைய கைடைப் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதில்ல அண்ணா?”ன்னு கேட்டேன், அவரு காதுல உழுகற மாதிரி. “புதுசு போட்டதனாலதான ஒட்டுது?”

எங்கண்ணன் வால்வைத் தொடைச்சுட்டே இருந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நான் எங்க ஊட்டுக்காரரு மூஞ்சியையே பாத்துட்டு நின்னேன். இப்பச் சொல்லுவாரு, சரி உடுங்க மச்சான், வெள்ளிக்கெழமை ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுவாரு.

அவரு சொன்னது வேற. “நெருப்புக்கு வெச்ச குங்கிலியம் இஞ்சினை அடைக்குதுங்கறீங்க. சாமிக்குப் போட்டதுல கேடு வருமா? தப்பிக்கறதுக்கு நல்லா இட்டுக் கட்டறீங்க மச்சான். வெள்ளிக்கெழமை வந்து அடிச்சு அணைங்க.”

மச்சான் திருடன்னு நம்பறது அவருக்குச் சுலபமா இருந்துச்சு. தன்ற கையால பண்ணின பூசை வண்டியைக் கெடுத்துச்சுங்கறதைத்தான் நம்ப முடியலை. ரெண்டு நாளைக்குப் போடாம ஓட்டிப் பாருங்கன்னு நான் கெஞ்சினேன். அதுக்கு மட்டும் மாட்டேன்னுட்டாரு. எங்கண்ணன் எல்லா வால்வையும் மண்ணெண்ணெயில கழுவித் தொடைச்சு மாட்டி, தகட்டை எறுக்கிக் குடுத்துட்டு, கையைக் கழுவிட்டுப் போயிருச்சு. போறப்பப் பாப்பா கன்னத்தைத் தொட்டுட்டுப் போச்சு. நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போய் நின்னு அழுதேன்.

வெள்ளிக்கெழமை காலையில கோயில்ல கூடினோம். பூசாரி, எங்கண்ணன், ஊட்டுக்காரரு, பங்காளிங்க கொஞ்சம் பேரு, மலைக்காரங்க சாளையில இருந்து எந்திரிச்சு வந்து நின்னவங்க. கல்லு மேல கற்பூரத்தை வெச்சுக் கொளுத்தினாங்க. எங்கண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டுச்சு. மூஞ்சி செவந்து கெடந்துச்சு. திருடாத மனுசன் திருடலைன்னு சொல்றதுக்கு வந்து நிக்கற கேவலம், அது பாக்கறவங்களுக்கே தாங்காது.

அது கையைத் தூக்குச்சு. அதுக்கு முன்னால நான் போயிட்டேன். யாரும் புடிக்கறதுக்குள்ள என்ற உள்ளங்கையைக் கற்பூரத்து மேல ஓங்கி அடிச்சேன். நெருப்பு அணைஞ்சுச்சு. கை வெந்துச்சு, எடுக்கலை.

“எங்கண்ணன் போட்டது புதுசுதான். நான் கண்ணால பாத்தேன். பொய்யின்னா எனக்கு இந்தக் கை வெளங்காமப் போகட்டும்.”

பூசாரிக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. “ஏனுங்க அம்மிணி, சத்தியம் பண்ணினவங்க வாங்கினவங்க ஊட்டுல கை நனைக்கக் கூடாதுங்களே”ன்னு இழுத்தாரு.

“தெரியுமுங்க. தெரிஞ்சுதான் அடிச்சேன்.”

எங்கண்ணன் என்னையக் கூட்டிட்டுப் போறேன்னுச்சு. நான் போகலை. எதுக்குப் போகோணும்? அது என்ற ஊடு, அங்க சாப்பிடக் கூடாதுங்கறதுதான கட்டு, இருக்கக் கூடாதுன்னு இல்லையே. ஊட்டுக்கு வந்து உலை வெச்சேன், அவருக்குச் சோறு போட்டேன், பாப்பாவுக்கு ஊட்டினேன். மத்தியானம் பாப்பாவை இடுப்புல தூக்கிட்டு மலைக்காரங்க சாளைக்குப் போனேன். கரிக்காரரோட மூட்டை சொமந்து வர்ற அவரு பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கலை, சாமைச் சோத்தை எலையில வெச்சு என்ற பக்கம் தள்ளினா. அன்னையில இருந்து அதுதான் நான் சாப்பிடற எடம். எங்க ஊருக்காரங்க எல்லாம் அந்த வழியாத்தான் போகோணும். பாத்துட்டுத்தான் போனாங்க. பாக்கட்டும்னுதான் நானும் வழியைப் பாத்து உக்காந்தேன்.

காலையில காத்து ஊதற சோலியை நான் நிறுத்தலை. கங்கு போட்டேன். அவரு மேல ஏறிக் கரியைக் கொட்டினாரு. மடியில கையை உட்டு எடுத்தாரு, கை உருளைக்கு மேல வந்துச்சு. நான் சுத்தறதை நிறுத்திட்டு அவரையே பாத்தேன். இத்தனை நாளு அவரு என்னையப் பாத்தாரே, அதே மாதிரி. அவரு மூடின கையை மூடினபடியே மடிக்குள்ள கொண்டு போயிட்டு, மூடியை எறுக்குனாரு. மக்யா நாளும் அப்படித்தான், அதுக்கடுத்த நாளும் அப்படித்தான். இஞ்சின் ஒவ்வொரு நாளும் மொதல் சுத்துலயே புடிச்சுச்சு. ஒரு தும்மல் இல்லை.

அதைப் பத்தி ஒரு பேச்சுப் பேசலை மனுசன். கரி இப்ப நல்லா வருதுன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரிஞ்சாருன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. கரிக்காரரு மட்டும், “எங்க கரி மேல இருந்த பழி போச்சுதுங்களே, அது போதும்”னு சொல்லிச் சிரிச்சாரு.

தை வந்துச்சு. அவரே லாரியை எடுத்துட்டுச் சேலம் போயி எங்கண்ணனை முன் சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டியாந்தாரு. சத்தியம் பண்ணினது எங்கண்ணன் இல்லையே, அதனால அது வரலாம், சாப்பிடலாம். அத்தோட எல்லாம் சரியாப் போச்சுன்னு அவருக்கு நெனப்பு. வாசல்ல பந்தல். எங்கண்ணன் மடியில பாப்பா, ஆசாரி ஊசியை எடுத்தாரு, பாப்பா ஊரைக் கூட்டுச்சு. எங்கண்ணன் கண்ணும் கலங்கிருச்சு. நான் அதையெல்லாம் நெறஞ்ச மனசோட பாத்துட்டு, அடுப்படிக்குப் போயி விருந்துச் சோத்தை வடிச்சேன். வெடியால இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. விருந்து முடிஞ்சு சாளைக்குப் போகோணும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

பந்தி உக்காந்துச்சு. மொதல் எலை எங்கண்ணனுக்கு. சோறு போட்டாங்க, பருப்பு ஊத்தினாங்க. எல்லாரும் கை வெக்கப் போறாங்க. எங்கண்ணன் மட்டும் கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு.

“சாப்பிடுங்க மச்சான்”னாரு எங்க ஊட்டுக்காரரு.

“என்ற தங்கச்சி இந்த ஊட்டுல இன்னும் கை நனைக்கலீங்களாமா மாப்ளே. அவ நனைச்ச பொறவு நான் நனைச்சுக்கறேன்.”

தாய்மாமன் கை வெக்காம ஒருத்தரும் வெக்க முடியாது. பந்தி அத்தனையும் கையை எடுத்துருச்சு. பங்காளிங்க, ஒறம்பரைங்க, ஊர்ப் பெரியவங்க, எல்லாரும் எங்க ஊட்டுக்காரரைப் பாத்தாங்க. அவரு நின்ன எடத்துலயே நின்னாரு. சோத்துல ஆவி அடங்கிப் போச்சு. பொறவு ஒரு சொம்பை எடுத்துட்டு அடுப்படிக் கதவுகிட்ட, என்ற கிட்ட வந்தாரு.

“கரியில குங்கிலியம் போட்டது நானுதான் புள்ள”ன்னாரு, தொண்டைக்குள்ளயே.

“எனக்குக் கேட்டுருச்சுங்க. பந்திக்குக் கேக்கலை.”

அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. கோவம் இருந்துச்சு, அவமானம் இருந்துச்சு, கண்ணுல தண்ணியும் இருந்துச்சு. திரும்பி நின்னு, வாசல் வரைக்கும் கேக்கற மாதிரிச் சொன்னாரு. “இஞ்சினைக் கெடுத்தது என்ற கை. மச்சான் மேல ஒரு குத்தமும் இல்லை. நான்தான் தப்பா நெனச்சேன்.”

நான் வெந்து ஆறின கையை நீட்டினேன். அவரு தண்ணி வார்த்தாரு. பாதி கையில விழுந்துச்சு, பாதி தரையில விழுந்துச்சு. குடிச்சேன். குடிச்சுட்டு, பொம்பளைங்க பந்திக்குக் காத்திருக்காம, எங்கண்ணன் பக்கத்துல ஒரு எலையைப் போட்டு உக்காந்து, என்ற ஊட்டுச் சோத்துல கை வெச்சேன்.